11,000 அடிக்குள் ஒரு காதல்: போர்க்காலப் பாட்டுப் படங்களும் படத்தொகுப்பு மரபும்

இரண்டாம் உலகப் போர் கற்பிட்டிக்காரருக்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. களப்பின் அக்கரையில், புத்தளத்தில், பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் இயங்கியது. சேற்றில் புதைந்த போர் விமானங்களை அங்கே யானை கட்டி இழுத்தார்கள். அதே ஆண்டுகளில் சென்னை, சேலம் ஸ்டூடியோக்களுக்குள் போர் வேறு வழியாக நுழைந்தது. கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று இந்திய அரசு விதித்தது. திரையில் அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அடிக்கணக்குப் பாராமல் பாட்டுகளை அடுக்கி வந்தவர்களுக்கு இது பேரிடி. தமிழ்ப் படத்தொகுப்புக்கு ஒழுங்கு வந்தது இந்த இடியால்தான் என்பேன்.

முப்பதுகளில் நடிகர் பாடப் பாடவே ஒலியும் படமும் ஒருசேரப் பதிவாயின. பாட்டின் நடுவே வெட்டினால் குரலும் அறுந்துவிடும்; எடிட்டர் கை கட்டி நிற்க வேண்டியதுதான். பாட்டை முன்கூட்டியே பதிந்து, அதற்கு வாயசைக்கும் முறை பரவியபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஒலி ஓர் இழையாக ஓட, அதன்மேல் எத்தனை கோணங்களையும் கோக்கலாம் என்றாயிற்று. நீளம் சுருங்கிய காலத்திலேயே வெட்டும் சுதந்திரம் விரிந்தது.

இனி, மரபுகளைப் பார்ப்போம். முதலாவது, பாடகரை நம்பிய மரபு. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆனாலும் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. குறைந்த நீளம் பாட்டுப் படத்தைக் கெடுக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வேகம். டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி' (1945) நேரடியான போர்க் கதை. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படையினருக்கு ஒரு பெண் உதவுகிறாள். இத்தகைய கதையில் காதல் பாட்டு ஆபத்தைக் கூட்ட வேண்டும். அதைத் தணித்துவிட்டால் படம் படுத்துவிடும்.

மூன்றாவது, ஏவி. மெய்யப்பனின் திருத்தும் மரபு. 'ஸ்ரீவள்ளி' (1945) முடிந்த பிறகு, நாயகி ருக்மிணியின் பாட்டுக் குரல் மெய்யப்பனுக்கு நிறைவு தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, எடுத்த படத்தின் உதட்டசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார்கள். படம் பிடித்த பின்பும் படத்தை ஆக்கலாம் என்று காட்டிய துணிச்சல் இது.

நான்காவது, ஜெமினி ஸ்டூடியோவின் பிரம்மாண்டம். போர்க்காலத்தில் தொடங்கிய 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9 அன்றுதான் வெளிவந்தது. இடையில் இயக்குநர் டி.ஜி. ராகவாச்சாரி விலக, ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனே இயக்கத்தைக் கையில் எடுத்தார். நீளக் கட்டுப்பாடும் போயிருந்ததால் படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. சர்க்கஸ் பகுதி இழுக்கிறது. இன்று பார்த்தாலும் கத்தரிக்கோல் தேடுகிறோம். முரசு நடனமோ இறுகிய கட்டு. பெருமுரசுகள்மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடும் அகலக் காட்சி, நாயகி ராஜகுமாரியின் முகம், வில்லன் ரஞ்சனின் களிப்பு என்று தாளத்தோடு மாறி மாறி ஏறுகிறது. உச்சத்தில் முரசுகள் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் பாய்கிறார்கள். ஆட்டம் சண்டையாகிவிடுகிறது, கதை ஒரு நொடியும் நிற்கவில்லை.

இந்த ஸ்டூடியோ மரபு நம் தீவுக்கும் வந்தது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) எஸ்.எம். நாயகத்தின் தயாரிப்பாக மதுரையில் உருவானதே.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் எடுக்கலாம். பாட்டை நீக்கினால் கதை நொண்ட வேண்டும். வெட்டு தாளத்தை மீறக் கூடாது. செலவைக் காட்டுவதற்காக ஒரு ஷாட்டை நீட்டக் கூடாது. மூன்றாவதில்தான் பெரிய படங்கள் இன்றும் தோற்கின்றன.

கைபேசியிலேயே படம் தொகுக்கும் கற்பிட்டி இளைஞருக்கு ஒரு வேண்டுகோள்: முரசு நடனத்தை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தாளம் அப்போதும் தெரியும். உங்கள் படத்துக்கும் அதே சோதனையை வையுங்கள்.