சபிக்கப்பட்ட வெற்றி

ராஜாக்களைத் தவிர, இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒற்றைக் குதிரை. டிரா என்றுதான் புத்தகங்கள் ரொம்ப காலம் சொல்லிவந்தன. 1983-ல் கென் தாம்சனின் கணினி மறுத்தது: பொதுவாக பிஷப் தரப்புக்கே வெற்றி, ஆனால் 66 நகர்த்தல் வரை ஆகலாம். வெட்டும் இல்லாமல், சிப்பாயும் நகராமல் 50 போனால்தான் டிரா கேட்டுவிடலாமே! இதுபோன்ற சில எண்ட்கேம்களுக்கு ஃபிடே வரம்பை நீட்டிப் பார்த்தது. 1992-ல் அதையும் எடுத்துவிட்டது.

நலிமோவ் டேபிள்பேஸ் இந்த விதியைக் கண்டுகொள்வதே இல்லை. அது 'வெற்றி' என்றதை நம்பி இறங்கிய எஞ்சின் டிராவில் போய் நிற்கலாம். 2013-ல் ரொனால்ட் டி மான் தந்த சிசிஜி இங்கேதான் உசத்தி. பலகையில் வெற்றி, விதிப்படி டிரா என்றால் தனியாகக் குறித்து வைக்கிறது. பெயரே 'சபிக்கப்பட்ட வெற்றி'.

எனக்கு ஒரு குறை உண்டு. சிசிஜி எண்ணுவது மேட்டுக்கான தூரத்தை அல்ல. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்த்தலுக்கோ உள்ள தூரத்தை. அதை அப்படியே பின்பற்றினால், எண்ணிக்கை பூஜ்யமாகட்டும் என்று ஜெயிக்கிற பக்கமே ஒரு காயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடும். தப்பில்லை, ஆனால் பார்க்கக் கண்றாவி. எண்ட்கேம் கற்க உட்காருகிறவர், மேட் தூரத்தை எண்ணும் நலிமோவையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.