மலை ஏறாத நோட்டீஸ்

மலைமேல் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ நாலைந்து அறை வைத்து விடுதி நடத்துபவர் ஜிஎஸ்டி கணக்கைத் தானே பார்ப்பது அபூர்வம். கீழே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் கணக்கர்தான் ரிட்டர்ன் போடுவார். வரியும் அபராதமும் கேட்கும் நோட்டீஸோ ஜிஎஸ்டி இணையதளத்துக்குள், அதிலும் ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்ற தனிப் பகுதியில் ஏற்றப்படுகிறது. கணக்கர் கண்ணில் படாவிட்டால் முடிந்தது. வங்கிக் கணக்கு முடங்கிய பிறகே விடுதிக்காரருக்கு விஷயம் தெரியவரும்.

இப்படி இணையதளத்தில் மட்டும் ஏற்றுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு நேரில் தருவது, தபால், மின்னஞ்சல், இணையதளம் என்று பல வழிகளைச் சொல்லி, ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. இணைய வழியில் நன்மையும் உண்டு. எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்பது அழியாமல் பதிவாகிறது. அதிகாரி முன்தேதி போட முடியாது. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பியே காலம் கடத்தியவர்களுக்கும் இனி வழியில்லை.

ஆனால் பாதகமான முடிவு எடுப்பதானால் நேரில் விசாரிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 75(4). நோட்டீஸையே பார்க்காதவர் விசாரணைக்கு எப்படி வருவார்? அவர் வராமலே போடப்படும் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 3 மாதம், தாமதத்தை மன்னிக்க இன்னும் 1 மாதம். அதுவும் கடந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுதான். சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய பல வழக்குகளில் கோரப்பட்ட வரியில் 10 அல்லது 25 சதவீதத்தைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. இது நிவாரணம்தான். ஆனாலும் தன் தரப்பைச் சொல்வதற்கே ஒருவர் முன்பணம் கட்ட வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடைமுறைப் பிழை ஒவ்வொன்றும் நோட்டீஸைக் கொன்றுவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். வருமான வரி அபராத நோட்டீஸில் பொருந்தாத குற்றச்சாட்டை அடித்து நீக்காமல் விட்டாலே அது செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2012இல் மஞ்சுநாதா காட்டன் வழக்கில் வகுத்த வழி, உண்மையாகவே வருமானத்தை மறைத்தவரையும் தப்பவிடும். 2018இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நோட்டீஸின் பொருள் வரிதாரருக்குப் புரிந்திருந்ததா, பிழையால் அவருக்குப் பாதிப்பு நேர்ந்ததா என்று பார்த்தது. அதுவே சரியான அளவுகோல். அதே அளவுகோலை வைத்தால், கண்ணில் படாத இணைய நோட்டீஸ் தேறாது.

பதில் வராதபோது அதே வழியில் நினைவூட்டல்களை ஏற்றிக்கொண்டிருக்காமல், தபால் போன்ற வேறு வழிகளையும் அதிகாரி பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அண்மைக்காலமாகச் சொல்லிவருகிறது. உத்தரவு போடும் முன் ஒப்புகை அட்டையுடன் ஒரு தபால் போவதை வணிகவரித் துறை கட்டாயமாக்க வேண்டும். பூம்பாறைக்கும் தபால்காரர் வருகிறார்.