254 பவுண்டு: பாராசூட்டுக்குக் கழிவு உண்டு, பிரேக்குக்கு இல்லை

அமெரிக்காவில் லைசென்ஸ், பதிவெண், மருத்துவச் சான்றிதழ் எதுவுமே இல்லாமல் ஒருத்தர் விமானம் ஓட்டலாம். 1982இல் வந்த 'பகுதி 103' என்ற விதி அதற்கு இடம் கொடுக்கிறது. நிபந்தனைகள் உண்டு: ஒரே இருக்கை, பொழுதுபோக்குக்கு மட்டும், 5 காலன் (சுமார் 19 லிட்டர்) பெட்ரோல், முழு சக்தியில் 55 நாட்டுக்கு மேல் போகக்கூடாது, ஸ்டால் வேகம் 24 நாட்டைத் தாண்டக்கூடாது. கூடவே, காலி எடை 254 பவுண்டுக்குக் குறைவாக இருக்கணும். சுமாராக 115 கிலோ.

வீட்டு ஷெட்டில் சொந்தமாகக் கட்டுகிறவர்களைப் படுத்துவது இந்தக் கடைசி எண்தான். கொஞ்சம் தடிமனான குழாய், இன்னொரு கோட் பெயின்ட், பெரிய சக்கரம் என்று சேர்த்தால் கிலோ கிலோவாக ஏறிவிடும். ஒரு கிலோ கூடினாலும் சட்டப்படி அது அல்ட்ராலைட் இல்லை. பதிவு செய்யாத விமானம். ஓட்டுகிறவர் லைசென்ஸ் இல்லாத பைலட்.

எடை வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தராசில் வைத்துப் பார்த்துவிடக்கூடிய எண் நல்ல எண்தான். ஆனால் எதை நிறுக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலாவது, ஓட்டுகிறவர் எடை கணக்கிலேயே இல்லை. 60 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் வித்தியாசம் 40 கிலோ. அதை விட்டுவிட்டு, பிரேமில் ஏறிய 2 கிலோவுக்குக் கணக்குக் கேட்கிறது சட்டம். கீழே இருக்கிறவர் தலையில் விழுவது மொத்த எடைதானே?

இரண்டாவது, ஸ்டால் வேக வரம்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தூக்கு குணகம் 1.6 என்று வைத்துக்கொண்டால், 24 நாட்டில் ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்குவது சுமார் 15 கிலோ. விமானம் 115, ஆள் 80, பெட்ரோல் 14; ஆக 209 கிலோ. கிட்டத்தட்ட 14 சதுர மீட்டர் இறக்கை வேணும். கனம் கூடினால் இறக்கையும் பெரிசாகணும். கட்டுகிறவர் தானாகவே அடங்குவார்.

மூன்றாவதுதான் உறுத்தல். ஆபத்து நேரத்தில் விரிக்கிற பாதுகாப்புச் சாதனத்தின் எடையை விதி கழித்துவிடுகிறது. பாராசூட்டுக்கு 24 பவுண்டு கழிவு. பிரேக்குக்கோ, உறுதியான பிரேமுக்கோ அப்படி எதுவும் கிடையாது. விழுந்தபின் காப்பாற்றுவதற்குச் சலுகை, விழாமல் காப்பாற்றுவதற்கு அபராதம்! வரம்புக்குள் நிற்க முதலில் எது கழன்று போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிரிட்டனும் 2007இல் ஒற்றை இருக்கை விமானத்துக்கு 115 கிலோ காலி எடை என்றுதான் தளர்வைத் தொடங்கியது. 2014இல் அதை மாற்றி, கிளம்பும்போதுள்ள மொத்த எடை 300 கிலோ என்று வைத்தது. ஆனால் அங்கே ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேணும். அமெரிக்கா அந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஆளையும் சேர்த்து நிறுக்கிற அந்த முறையை எடுத்தாலே போதும்.

அதுவரைக்கும், தராசை ஏமாற்றிவிட்டுப் பறப்பது இதற்குப் பதில் இல்லை. விதி கோணலாக இருக்கலாம். கீழே நடக்கிறவருக்கு அது தெரியாது.