எதோடு ஒப்பிட்ட எட்டுப் புள்ளி?

இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சை என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத விதியாகிவிட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி அதையே சொல்கிறது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ‘கிளாட்’ பயிற்சித் திட்டம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஆதாரம் எங்கே என்று கேட்டால் 2014இன் காக்ரேன் தொகுப்பாய்வை நீட்டுகிறார்கள்: பத்து ஆய்வுகள், ‘உயர்தரச் சான்று’. இந்தத் தரச்சான்றை என்னால் ஏற்க முடியவில்லை.

பயிற்சி கெடுதல் என்று சொல்ல வரவில்லை. தொடையும் பிட்டமும் வலுப்பெற்றால் நடை தேறும். வலி மாத்திரைகள் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் செய்கிற கேட்டை இது செய்யாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறு பலன்களும் உண்டு. அதெல்லாம் சரி.

காக்ரேன் கணக்கில், பயிற்சி செய்யாதவர்களின் வலி நூற்றுக்கு 29, செய்தவர்களுக்கு 21. எட்டுப் புள்ளியை அற்பம் என்று தள்ள மாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் எதுவும் கிடைக்காமல் காத்திருந்தவர்கள், அல்லது வழக்கமான கவனிப்போடு விடப்பட்டவர்கள். ஒரு தரப்புக்கு பிசியோதெரபிஸ்ட்டின் நேரமும், “போன வாரத்துக்கு இப்போ எப்படி இருக்கு?” என்ற விசாரிப்பும் கிடைக்கின்றன. மறுதரப்புக்கு அது இல்லை. தான் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். கடைசியில் வலிக்கு மதிப்பெண் போடுவதும் அவர்களேதான்.

பயிற்சிக்குப் போலிச் சிகிச்சை வைக்கவே முடியாது, அதைக் கேட்பது நியாயமில்லை என்று வாதிடுகிறார்கள். முடியும். மெல்போர்னில் கிம் பென்னல் குழுவினர் வைத்துக் காட்டினார்கள். 2014இல் ஜாமா இதழில் அது வெளிவந்தது. 102 பேரில் ஒரு பாதிக்குப் பயிற்சி, கைச்சிகிச்சை, ஆலோசனை எல்லாம் சேர்ந்த முழு பிசியோதெரபி. மறுபாதிக்கு இயங்காத அல்ட்ராசவுண்ட் கருவி, மருந்தில்லாத ஜெல். இருவருக்கும் 12 வாரத்தில் பத்து அமர்வுகள். அதன்பின் ஆறு மாதம் முன்னவர்கள் வீட்டில் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். பின்னவர்கள் வாரம் மூன்று முறை ஜெல்லைத் தடவிக்கொண்டார்கள். 12 வார முடிவில் நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 17.7 குறைந்தது. போலிக் குழுவுக்கு 22.9. வித்தியாசம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பக்கவிளைவுகள் லேசானவைதான், ஆனால் முன்னவர்களில் 41 சதவீதம் பேருக்கு, பின்னவர்களில் 14 சதவீதம் பேருக்கு.

அந்த ஆய்வில் பயிற்சியின் அளவு போதவில்லை என்று அடுத்த பதில் வரும். அப்படியானால், படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது பத்து, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது பத்து என்று அனுப்பிவைக்கிற நம் கிளினிக்குகளைப் பற்றி என்ன சொல்வது? அங்கே அளவு போதுகிறதா?

எதனால் குறைந்தால் என்ன, வலி குறைந்தால் சரி என்பவர்களும் உண்டு. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் அது சரியில்லை. சம்மணம் போட முடியாமல், குனிந்து கால் நகம் வெட்ட முடியாமல், தொடை இடுக்கில் வலியோடு திரும்பி வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, “வீட்டில் ஒழுங்காகச் செய்தீங்களா?” என்பதுதான். மாத்திரை வேலை செய்யாவிட்டால் மாத்திரையைச் சந்தேகிக்கிறோம். பயிற்சி வேலை செய்யாவிட்டால் நோயாளியைச் சந்தேகிக்கிறோம். போலியை வெல்லாத சிகிச்சைக்கு இந்தச் சலுகையை யார் கொடுத்தது?

இந்தச் சலுகையின் விலை, முற்றிய தேய்மானத்தில் தெரியும். அறுவைக்குத் தகுதியான 109 பேரை வைத்து டென்மார்க்கிலேயே நடந்த புரோஹிப் ஆய்வு 2024இல் வந்தது. அதுவும் யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மறைக்காத ஆய்வுதான். ஆனால் இடைவெளியைப் பாருங்கள். ஆறு மாதத்தில், 48க்குப் போடப்படும் ஆக்ஸ்போர்டு இடுப்பு மதிப்பெண், மூட்டு மாற்றுக் குழுவுக்கு 15.9 உயர்ந்தது, எடைப்பயிற்சிக் குழுவுக்கு 4.5. பயிற்சிக் குழுவில் ஐந்தில் ஒருவர் அதற்குள் அறுவைக்கே போய்விட்டார். மீதி நால்வரை ‘அறுவையைத் தவிர்த்தவர்கள்’ என்று வெற்றிக் கணக்கில் எழுதுவதற்கு முன், அவர்களால் இப்போது கால் நகம் வெட்ட முடிகிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.