மணல் நிற்கும் மட்டம்

கோல்மான்ஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்றை யாராவது காட்டினால், நான் முதலில் பார்ப்பது மணல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான். கதவின் கீழ்க்கீல் புதைந்துவிட்டதா? ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டதா? சுவரில் தீட்டிய பூவேலைப் பட்டைக்கும் மணலுக்கும் இன்னும் எவ்வளவு இடைவெளி? வெளிச்சமும் நிறமும் அப்புறம். அந்த ஊரில் அறைக்கு அறை மணலின் மட்டம் மாறும். அதைப் படிக்கத் தெரிந்தவர் எடுத்த படம் நூறு படங்களுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்.

நமீபியாவின் தென்மேற்கே, லூடெரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சிறிது தூரம் உள்ளே தள்ளி, நமீப் பாலைவனத்தில் இருக்கிறது இந்த ஊர். 1908-ல் ரயில் பாதையை மூடிய மணலை அள்ளிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் கையில் ஒரு கல் கிடைத்தது. அவர் அதை மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். அது வைரம். ஸ்டவுக் பெரும் செல்வரானார். லெவாலாவுக்குப் பரிசு என்று எதுவும் கிடைக்கவில்லை. அப்போது அங்கே ஜெர்மானியக் காலனி ஆட்சி. சில ஆண்டுகளில் மணல்மேட்டின் மேல் ஒரு ஜெர்மன் சிற்றூரே எழுந்தது. நடன அரங்கு, பந்துருட்டும் கூடம், பனிக்கட்டித் தொழிற்சாலை, மருத்துவமனை எல்லாம் வந்தன. குடிநீர் மட்டும் கப்பலில் வந்தது. 1928 வாக்கில் தெற்கே ஆரஞ்சு ஆற்று முகத்துவாரத்தில் இன்னும் வளமான வைரப் படிவுகள் கிடைத்ததும் ஆட்கள் அங்கே நகரத் தொடங்கினர். 1956-க்குள் கோல்மான்ஸ்கோப் முழுக்கக் காலி.

ஊரைத் தேடித் தந்த லெவாலாவின் வேலையே மணல் அள்ளுவதுதான் என்பதை நான் மறப்பதில்லை. காற்று கொண்டுவந்து கொட்டுவதை யாரோ ஒருவர் வாரி எறிந்துகொண்டே இருந்ததால்தான் அந்தப் பாதையும் தெருக்களும் வாசல்களும் இருந்தன. வாரும் கை நின்ற நாளிலிருந்து சேர்ந்ததுதான் இன்று அறைகளுக்குள் நாம் பார்ப்பது. அதனால் மணல்மட்டத்தைச் சரியாகக் காட்டும் படத்தில் எனக்கு அந்தக் கைகளும் தெரிகின்றன. ஒப்பந்தத்தில் வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர் குடியிருந்தது மேலாளருக்கும் கணக்கருக்கும் கட்டிய இந்த அழகிய வீடுகளில் அல்ல. சுற்றுலாப் படங்களில் மேலாளர் வீட்டு மாடிப்படிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இனி கைவேலை. உடைந்த ஜன்னல் வழியே மணல் சரிந்து, எதிர்ச்சுவரை நோக்கி மெல்லத் தாழ்ந்து இறங்கும். நின்றபடி எடுத்தால் அந்தச் சரிவு தட்டையாகிவிடும். முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால்தான் சரிவுக்கு உடம்பு வரும், பாதி புதைந்த கதவின் மேல் அதன் கனம் தெரியும். வெளிறிய மணலைப் பார்த்துக் கேமராவின் ஒளியளவி ஏமாறும். அது சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒளி விடாவிட்டால் மணல் சாம்பலாகிப் போகும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பாலைவனத்தையும் உள்ளே இருக்கும் நிழலையும் ஒரே அளவு தெளிவாகக் காட்ட, பலர் மூன்று நான்கு படங்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த ஊரின் வெயில் கண்ணைக் கூசவைக்கும் வெயில். ஜன்னல் வெளுத்துப் போகட்டும். உள்ளே சுவரின் நீலமும் பச்சையும் அப்போதுதான் தங்கள் இயல்பான மங்கலோடு நிற்கும்.

காலடித் தடம் பெரிய தொல்லை. பகலில் வருகிறவர்கள் அறைக்குள் நடந்து பார்க்கிறார்கள், அதில் தப்பில்லை. பிற்பகலில் தெற்கிலிருந்து வீசும் காற்று பல அறைகளைத் திரும்ப வழித்துவிடும். ஆகவே விடியலில் நுழைய வேண்டும். படம் எடுப்பவர்களுக்கென்றே தனி அனுமதிச் சீட்டு உண்டு. அதிருந்தால் வழக்கமான நேரத்துக்கு முன்பே உள்ளே போகலாம். வாசலிலேயே நின்று முதல் படத்தை எடுத்துவிட்டு, பிறகு சுவரை ஒட்டி நடப்பது பின்னால் வருகிறவருக்குச் செய்யும் மரியாதை. லென்ஸை அறைக்குள் மாற்றவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூசு எப்போதும் பறந்துகொண்டிருக்கும்.

எல்லோரும் தேடிப் போவது மணலில் கிடக்கும் குளியல் தொட்டியை. நான் மருத்துவமனையைச் சொல்வேன். நீண்ட நடைவழி, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த கதவுகள், ஒவ்வொன்றின் வழியாகவும் தரையில் விழும் ஒரு பட்டை வெளிச்சம். இங்கே ஒரு எக்ஸ்ரே கருவி இருந்தது. நோயறிய மட்டுமல்ல, தொழிலாளர் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் அது பயன்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்த நடைவழியில் நிற்பவர் வெளிச்சப் பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பமாட்டார். வண்ணம் உரிந்த சிறிய அறை ஒன்றின் வாசலில் முக்காலியை நிறுத்துவார், அகல லென்ஸைக் கழற்றிவிட்டு ஐம்பது மில்லிமீட்டர் போட்டுக்கொண்டு வந்திருப்பார், கதவின் கைப்பிடிக்கும் மணலுக்கும் உள்ள தூரத்தைச் சட்டகத்தின் நடுவில் வைப்பார். அப்படி எடுத்த படங்கள் மிகச் சிலவே என் கண்ணில் பட்டிருக்கின்றன. அவற்றைத்தான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்.