பாஸ் சண்டை: உத்தி ஆட்டங்களில் ஒருவனும் பலரும்

டாக்டிக்கல் ஆர்பிஜி எனப்படும் உத்திவகைப் பாத்திர ஆட்டங்களில், ஒரு கட்டத்தின் முடிவில் தலைமை எதிரியோடு நடக்கும் போர் ‘பாஸ் சண்டை’ எனப்படுகிறது. சதுரங்கப் பலகை போலப் பிரிக்கப்பட்ட களம், மாறி மாறி நகர்த்தும் முறை, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் திறனும் கொண்ட சிறு படை ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். 1990-ல் ஜப்பானில் வெளியான ‘ஃபயர் எம்பளம்’ இதன் முன்னோடிகளில் ஒன்று. கதையின் உச்சம் பெரும்பாலும் பாஸ் சண்டையில்தான் வைக்கப்படுகிறது. ஆனால் பல ஆட்டங்களில் மிகவும் சலிப்பூட்டும் பகுதியும் அதுவே.

காரணம் எளிய கணக்கு. ஆடுபவரிடம் எட்டு வீரர்கள், எதிரே பாஸ் ஒருவன். ஒரு சுற்றில் எட்டு அடி விழும், பதிலுக்கு ஒரே அடி வரும். இதைச் சரிக்கட்ட வடிவமைப்பாளர்கள் பாஸின் உயிர்ப்புள்ளிகளை மலைபோல் ஏற்றிவிடுகிறார்கள். வீரர்கள் அவனைச் சூழ்ந்து நின்று மரம் வெட்டுவதுபோல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேடு, சந்து, மறைவு, தூரம் என அதுவரை ஆட்டம் கற்றுக்கொடுத்த எதற்கும் அங்கே வேலையில்லை. ஃபயர் எம்பளம் வரிசையில் பல பாஸ்கள் அரியணையை விட்டு நகர்வதேயில்லை. அரியணை அவர்களுக்குத் தற்காப்பைக் கூட்டுகிறது, சுற்றுதோறும் காயத்தையும் ஆற்றுகிறது. வழியில் வந்த சாதாரணக் குதிரை வீரன் தந்த நெருக்கடியைக் கூட இந்தத் தலைவர்கள் தருவதில்லை.

ஆடு புலி ஆட்டத்தின் விடை

ஒருவன் பலரை எதிர்க்கும் இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் கோயில் தளக் கற்களிலும் கீறப்பட்ட ஆடு புலி ஆட்டத்தில் ஒரு நல்ல விடை இருக்கிறது. பரவலாக ஆடப்படும் வடிவில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். கூழாங்கல்லும் புளியங்கொட்டையுமே காய்கள். புலி, பக்கத்து ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் காலியாக உள்ள புள்ளிக்குக் குதித்து அதை வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இங்கே புலிக்கு உயிர்ப்புள்ளி என்று ஒன்றே இல்லை. அதை ‘அடித்து’ வீழ்த்த வழியே கிடையாது. அடைக்க மட்டுமே முடியும். எனவே ஆட்டம் முழுவதும் இடத்தைப் பற்றியதாகிறது. பின்னால் பலகையின் விளிம்போ மற்றோர் ஆடோ இருக்கும் ஆட்டை அந்தத் திசையில் புலியால் தாண்ட முடியாது. விளிம்பிலிருந்து தொடங்கி ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நெருங்குவதே ஆடுகளின் வழி.

அதைவிட நுட்பமானது முறைகளின் கணக்கு. ஆடுகள் 15 என்றாலும் அத்தனைக்கும் சேர்த்து ஒரு முறையே. ஓர் ஆட்டை வைத்தால் உடனே ஒரு புலி நகரும். எல்லா ஆடுகளும் இறங்கும்வரை முன்பு வைத்த ஆட்டை நகர்த்தவும் இயலாது. பலரின் எண்ணிக்கை, அடிகளின் எண்ணிக்கையாக மாறுவதில்லை. அமெரிக்காவில் உருவான ‘எக்ஸ்காம் 2’ ஆட்டம், 2016-ல் வந்த அதன் இணைப்பில், இதே விடையை வேறு பாதையில் வந்தடைந்தது. அதில் வரும் ‘ரூலர்’ எனும் வேற்றுக்கிரகத் தலைமை எதிரிகள் சுற்று முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆடுபவரின் வீரன் ஒவ்வொரு செயல் செய்ததும் உடனே தாங்களும் ஒன்று செய்கிறார்கள். துப்பாக்கியில் குண்டு நிரப்புவதற்குக்கூட விலை உண்டு. இது அநியாயம் என்று அப்போது முறையிட்ட ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு நகர்வை இருமுறை யோசிக்க வைத்த எதிரிகளும் அவர்கள்தான்.

எதைச் செய்தால் வெற்றி

பாஸை ஈர்ப்புடையதாக்கும் மற்றொரு வழி, வெற்றிக்கான நிபந்தனையையே மாற்றுவது. இதற்கு மகாபாரதப் போரைப் போல வளமான எடுத்துக்காட்டு அரிது. ஜயத்ரதனைச் சூரியன் மறைவதற்குள் கொல்ல வேண்டும். அவன் தலையைத் தரையில் வீழ்த்துபவரின் தலை சிதறும் என்பது வரம். ஆகவே அர்ச்சுனன் அந்தத் தலையை அவன் தந்தையின் மடியில் கொண்டு சேர்க்கிறான். சுற்று வரம்பும் இடக் கட்டுப்பாடும் கொண்ட ஒரு கட்டத்தை இதைவிடக் கச்சிதமாக எந்த வடிவமைப்பாளரும் எழுதியதில்லை.

மானாம்பதி, உத்திரமேரூர் முதலிய ஊர்களைக் கொண்ட காஞ்சிபுரம் வட்டாரம் தெருக்கூத்து வழங்கும் நிலம். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்கினி வசந்த விழாவில் பாரதச் சொற்பொழிவும் இரவுக் கூத்தும் நடந்து, பதினெட்டாம் போர் படுகளத்தில் முடிகிறது. தரையில் மண்ணால் கிடத்தப்பட்ட பேருருவத் துரியோதனனைச் சுற்றி, வீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட கூத்தர்கள் மோதுகிறார்கள். வீமன் எங்கே அடிக்கப் போகிறான் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் கலைவதில்லை.

‘பலவீனமான இடத்தைக் கண்டுபிடி’ என்ற ஒற்றைப் புதிரை நம்பிய பாஸ்கள் தோற்பது இந்த இடத்தில்தான். புதிர் அவிழ்ந்ததும் அவற்றில் மிச்சம் எதுவும் இல்லை. துரியோதனனின் தொடை புதிரல்ல. இடுப்புக்குக் கீழே அடிப்பது கதைப்போரின் முறைக்கு மாறானது, அடித்தால்தான் வெற்றி, அடித்தால் பழி, பலராமனின் சினமும் வரும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும் அதைச் செய்வது கடினமாகவே இருக்கிறது.

ரியோவானஸ் கோட்டை

கணினி ஆட்டங்களில் இதற்கு அருகில் வருவது, யசுமி மத்சுனோ இயக்கி 1997-ல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்’. அதில் வீக்ராஃப், முதலில் வறியவர்களின் கலகத் தலைவனாக வருகிறான். அவன் தங்கையை ஆடுபவரின் படையே முன்பு கொன்றிருக்கிறது. பின்னர் சாகும் தறுவாயில் ஓர் அரக்கனோடு உடன்பாடு செய்து உயிர் மீண்டு, ரியோவானஸ் கோட்டையில் எதிரே நிற்கிறான். அங்கே கதைத்தலைவன் ராம்சா தனியாகவே அவனோடு மோத வேண்டும். படையை நம்பி ராம்சாவை வளர்க்காமல் விட்டவர்கள் இங்கே திணறுவார்கள். பலர் ஒருவனை எதிர்க்கும் கணக்கை ஆட்டம் ஒரே அடியில் அழித்துவிடுகிறது. ராம்சா விலகி ஓடியபடியே தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்வது பலர் கண்ட வழி. அவன் வென்றதும் வீக்ராஃப் அரக்கனாக உருமாற, அரக்கத் துணைவரும் தோன்ற, அப்போதுதான் படை வந்து சேர்கிறது.

பெரிதும் புகழப்படும் இந்தச் சண்டையில் ஒரு குறையும் உண்டு. கோட்டைக்குள் நுழைந்த பின் அடுத்தடுத்த போர்களுக்கு இடையே ஆட்டத்தைச் சேமிக்கலாம், ஆனால் வெளியேறிப் பயிற்சி எடுத்துத் திரும்ப முடியாது. ஒரே பதிவில் அங்கே சேமித்தவர், வெல்ல வழி தெரியாவிட்டால் பல மணி நேர ஆட்டத்தையே இழக்க நேரும். இதைக் கடினம் என்று பாராட்டுவது தவறு. சண்டை கடினம், சேமிப்பு முறை பொறி. இரண்டும் வேறு.

அடுத்து வரும் கோட்டைக் கூரைப் போரில் நிபந்தனை மீண்டும் மாறுகிறது. ராஃபா என்ற பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். எதிரிகளுள் ஒருவரைச் சாகும் நிலைக்குத் தள்ளினாலே போதும், எல்லாரையும் கொல்ல வேண்டியதில்லை. எண்ணம் அருமையானது. ஆனால் ராஃபாவை ஆடுபவர் இயக்க முடியாது. அவள் தானாகவே எதிரிகளின் பக்கம் ஓடுகிறாள். சில வேளைகளில் ஆடுபவருக்கு முதல் முறை வருமுன்பே அவள் இறந்து போர் முடிந்துவிடுகிறது.