உள்ளது நாற்பது: வெண்பாவிலிருந்து கலிவெண்பாவுக்கு

அருப்புக்கோட்டையை அடுத்த வானம் பார்த்த பூமியில், குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளைய இரமண மகரிஷி, பள்ளிப் படிப்பில் நாட்டமற்றவர் என்பதே வரலாற்று நூல்கள் தரும் சித்திரம். 1896 ஆகஸ்டில், மும்முறை எழுதுமாறு தண்டனையாக இடப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை இடையில் விட்டு அவர் மதுரையினின்று வெளியேறிய நிகழ்ச்சி இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஒருமுறை கேட்ட தமிழ்ப் பாடத்தைத் திரும்பச் சொல்லும் நினைவாற்றல் அவருக்கிருந்ததையும் அந்நூல்களே பதிவு செய்கின்றன. அவருடைய செய்யுள்களை அணுகுவோர் கருத்தில் கொள்ள வேண்டியது இவ்விரண்டாம் செய்தியையே.

முருகனாரின் வேண்டுகோளால் 1928இல் எழுந்த 'உள்ளது நாற்பது' மெய்ப்பொருளின் இயல்பை வெண்பாவில் செறித்துரைப்பது. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியும். ஆகவே ஒவ்வொரு பாடலும் தன்னளவில் அடைபட்டுவிடுகிறது. அடுத்து வருவது எது என்பதை முந்தைய பாடல் நினைவூட்டுவதில்லை. பாராயணம் செய்வோர்க்கு இது இடர். இரமணர் ஈற்றடியின் மூன்றாம் சீரை நீட்டி, நான்காவதாக ஒரு சீரைச் சேர்த்து, அடுத்த பாடலின் முதற்சீரோடு வெண்டளை பொருந்த இணைத்தார். பதினைந்து சீர் பதினாறாயிற்று. நூல் முழுவதும் ஒரே கலிவெண்பாவாயிற்று. இணைப்பாக வந்த சொற்கள் சிலவிடத்துப் பொருளையும் தெளிவிக்கின்றன.

கடினமான நூலைக் கற்பிக்க இன்றைய வகுப்பறை முதலில் நாடுவது எளிய உரைநடைச் சுருக்கத்தை. இரமணரோ நூலைச் சுருக்கவில்லை, எளிமைப்படுத்தவுமில்லை, நீட்டினார். திண்ணைப் பள்ளியில் பொருள் விளங்குமுன்னரே நிகண்டும் சதகமும் மனப்பாடமான மரபுக்கு இது அணுக்கமானது. இழப்பும் உண்டு. தனி வெண்பாவின் இறுதியில் கற்பவன் நின்று சிந்திக்கக் கிடைத்த இடம் கலிவெண்பாவில் மறைகிறது. ஓசை அவனை இழுத்துச் சென்றுவிடுகிறது. ஆயினும் ஒரு பாடலைப் பிடுங்கியெடுத்து மேற்கோளாக்கும் பழக்கத்திற்கு இவ்வடிவம் எளிதில் இடங்கொடாது என்பது சிறு பயனன்று.

இம்மாற்றத்தை நினைவுத்துணை என்று மட்டும் கொள்வது போதாது. 1923இல் வினாவிடையாக அச்சேறிய 'நான் யார்?' நூலையும் அவரே தொடர் உரைநடையாக மாற்றினார். 1947இல் இயற்றிய 'ஏகான்ம பஞ்சகம்' ஐந்தே வெண்பாக்களாலானது; அதன் வரிசையை நினைவிற்கொள்ள எவர்க்கும் துணை வேண்டியதில்லை. அதற்கும் கலிவெண்பா வடிவம் தந்திருக்கிறார்.